மாமா வருகிறார்

சென்ற வாரம் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து விரல்களுக்கு நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். யாரோ சிநேகிதி வீட்டுக் கல்யாணமாம். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிப்பது போலத் தூங்கிக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர்களுக்கு இது கைவந்த கலை. திடீரென்று அந்த வாசனை மூக்கில் ஏறியது. வாழைப்பழ எசென்ஸோடு சாராயத்தைக் கலந்தால் எப்படியிருக்கும், அப்படி. பேப்பரை இறக்கிவிட்டேன்.

"என்ன மாமா, நாத்தம் தாங்கலையா? ஃபேன் போடவா?" என்றாள்.

வாசனையும் 'மாமா' என்ற அந்த ஒரு சொல்லும் சேர்ந்தாற்போல வந்து விழுந்தன. ஒன்றுமில்லை என்று கையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கிழவருக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று அன்று இரவு ரசத்தில் உப்பைக் குறைத்துவிட்டார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது விமானச் சிறகின் வாசனை. அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்குச் சிறகு தகரத்தில் இல்லை, துணியில். துணி இறுகி விறைப்பாக நிற்க ஒருவகை வார்னிஷ் பூசுவார்கள். வெயிலில் நிற்கிற விமானத்துக்குப் பக்கத்தில் போனால் கண் எரியும், வயிற்றைப் பிரட்டும், ஆனாலும் விலகி வர மனம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங்கிலிருந்து பத்து பெரண்டாம் விமானத் திடல்வரை சைக்கிள் மிதித்துப் போய், முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வாசனையை மோந்துவிட்டு வருவோம். நானும் ஃபிரான்சிஸும். இரண்டு பேருக்கும் இருபத்துநாலு வயது. கோவிலுக்குப் போகவேண்டியவன் போகவில்லை, சர்ச்சுக்குப் போகவேண்டியவனும் போகவில்லை.

ஃபிரான்சிஸ் உஜோங் பாசிர்க்காரன், போர்த்துகீசிய வம்சம். நானும் அவனும் வேலை பார்த்த இடத்துக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டுக்கு மேலே விமானங்கள், நடுவில் தோட்டத்து ஜனங்கள். சந்தேகப்படுகிற கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் ஆபீஸின் வேலை. அவன் டைப்பிஸ்ட். நான் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்க்கிறவன். பெயரும் முகவரியும் இருக்கும் இடத்தில் காகிதம் ஒட்டி மறைத்து, நடுப்பகுதியை மட்டும் என்னிடம் கொடுப்பார்கள். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். எவனோ மாமியாரைத் திட்டி எழுதியிருப்பான், எவளோ ஆடு குட்டி போட்டதை எழுதியிருப்பாள். அதையெல்லாம் அரசாங்க இங்கிலீஷில் எழுதிக்கொடுத்துவிட்டு, நாட்டையே நான்தான் தூக்கிப் பிடித்திருப்பதாக நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். நினைத்தால் இன்றைக்குக் காது சூடாகிறது.

ஆபீஸ் சுவரில் விமானப் படங்கள் அச்சிட்ட பெரிய தாள் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர். அந்தப் பெயர்களை எப்படி வைக்கிறார்கள் என்பதில் ஃபிரான்சிஸுக்குப் பைத்தியம். சீமையில் அதற்கென்று முறை உண்டாம். குண்டு போடுகிறவற்றுக்கு உள்நாட்டு நகரத்தின் பெயர்: லிங்கன். கடலில் இறங்குகிறவற்றுக்குத் துறைமுகத்தின் பெயர்: சண்டர்லேண்ட். சண்டைக்குப் போகிறவற்றுக்கு வேகத்தையோ கெடுதலையோ காட்டும் பெயர், ஒன்றுக்கு விஷம் என்றே வைத்திருந்தார்கள். ஓட்டப் பழகுகிறவற்றுக்குப் பள்ளிக்கூட வாடை அடிக்கும் பெயர். முடிந்தால் கம்பெனியின் முதலெழுத்தே விமானத்துக்கும் முதலெழுத்தாக வரவேண்டுமாம். நட்சத்திரம் பார்த்து முதலெழுத்து எடுத்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அவனை மடக்குவேன். ஒருநாள் அவன் என்னை மடக்கினான். துணிச்சிறகு வைத்த அந்தச் சின்ன விமானத்துக்கு ஆஸ்டர் என்று பெயர். லத்தீனில் அது தெற்கிலிருந்து வீசும் காற்றாம். அப்படியானால் தென்றல்! வேவு பார்க்க வருகிற விமானத்துக்குத் தென்றல் என்று பெயர் வைத்திருக்கிறானே வெள்ளைக்காரன் என்று அன்று மத்தியானம் முழுக்கச் சிரித்தேன்.

இது தாளில் உள்ள பெயர். ஊரில் உள்ள பெயர் வேறு. காஜா பேராங் என்றாலே மலாயில் கோபம் பிடித்த யானை என்று அர்த்தம், எந்த யானைக்கு என்ன கோபமோ. அப்படிப் பெயர் வைத்த ஊர் விமானத்தை மட்டும் சும்மா விடுமா? நாலு எஞ்சினோடு உறுமிக்கொண்டு போகும் லிங்கன் எங்களுக்கு 'அம்மிக்கல்'. வயிறு பெருத்த வெலெட்டா 'பிள்ளைத்தாச்சி'. ஹெலிகாப்டர் 'மத்து'. ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு 'சரணடையுங்கள்' என்று மூன்று மொழியில் கத்திப் போகிறது 'தம்பட்டம்'. ஆஸ்டர், 'வெட்டுக்கிளி'. கோவில் தெருவில் இருந்த செட்டி சமூகத்துக்காரர்கள் பூர்வீகத்தில் தமிழர்கள்தான், ஆனால் தமிழ் பேசமாட்டார்கள், அவர்கள் பேச்சு மலாய்தான். அவர்களும் அதை 'பெலாலாங்' என்றார்கள், அதற்கும் வெட்டுக்கிளி என்றே பொருள். இரண்டு பாஷையில் ஒரே பூச்சி. ஆகவே உலகத்தில் எல்லோருக்கும் அது வெட்டுக்கிளிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஃபிரான்சிஸுக்காக ஒரு நோட்டில் அரசாங்கப் பெயர் ஒரு பக்கமும் பட்டப்பெயர் எதிர்ப்பக்கமுமாக எழுதிக்கூட வைத்திருந்தேன்.

எனக்கு அப்போது சாப்பாடு செல்லம்மா அக்கா வீட்டில். தனிக்கட்டைகள் ஏழெட்டுப் பேருக்கு மாதச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். புருஷன் இல்லை. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை, அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்விட்டார். மிச்சம் ஒரே தம்பி, கோவிந்தன். அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. ஜொகூர் எல்லைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். மலாக்காவில் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஊரடங்கு, அளந்து போடும் அரிசி, முள்வேலி. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி சோறு போனாலும் கொடுத்தவனுக்குச் சிறை, இல்லையென்றால் நாடு கடத்தல். கோவிந்தன் அந்தக் காட்டோரத்தில்தான் இருந்தான். பரிமாறும்போதெல்லாம் அக்கா, "அவன் சாப்ட்டானோ என்னமோ தம்பி" என்று சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி வைப்பார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆபீஸ் கிளார்க் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் காலை என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. தலையும் காலும் மறைத்திருந்தது. இப்படி இருந்தது:

'அக்கா, மாமா தினமும் காலையில் வருகிறார். யாரிடமும் பேசுவதில்லை. நேற்றுக் காட்டோரமாக ஒரு மூட்டை போட்டுவிட்டுப் போனார். உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடாக இருக்கும். நமக்குத்தான் இங்கே அரிசியை அளந்து போடுகிறார்கள். மாமா வந்தாலே எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.'

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை, பெருமையில். இத்தனை நாள் ஆட்டுக்குட்டிக் கதைகளோடு மல்லுக்கட்டியவனுக்கு முதல்முறையாக உருப்படியாக ஒன்று கிடைத்திருக்கிறது. 'உள்ளே' என்றால் காடு, அது எல்லோருக்கும் தெரியும். 'தாய்மாமன் தினமும் காலையில் வருகிறார்' என்று ஆரம்பித்து வரிக்கு வரி எழுதினேன். 'மூட்டை போட்டுவிட்டுப் போனார்' என்பதற்கு 'மூட்டையை வைத்துவிட்டுச் சென்றார்' என்று இங்கிலீஷில் எழுதினேன். 'மேலேயிருந்து போட்டார்' என்றும் அதைப் படிக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விட்டேனா? கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன். 'வருகிறார், போனார் என்று மரியாதை விகுதி வந்திருப்பதால், குறிப்பிடப்படுவது வயதில் மூத்த ஒரு மனிதர் என்பது உறுதி. தமிழில் பொருள்களுக்கோ விலங்குகளுக்கோ இந்த விகுதி வராது.' யாரும் கேட்காத இலக்கணம். டைப் அடித்துக்கொண்டே ஃபிரான்சிஸ் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அதிகாரி நாலு பேருக்கு முன்னால் குட் வொர்க் என்றார். அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் எனக்குச் சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் அடுப்பே மூட்டியிருக்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார், தலை அவிழ்ந்து கிடந்தது. மற்றவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

"கோவிந்தனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க தம்பி. மாத்தா-மாத்தா லயத்து வீட்டுக்கே வந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்களாம். நேத்துப் போயிப் பாத்துட்டு வந்தேன். மாமா எங்க, மாமா எங்கன்னு கேட்டே அடிச்சிருக்காங்க. எங்கம்மாவுக்கு அண்ணன் தம்பியே கெடையாது, நான் எந்த மாமாவக் காட்டுவேன்?"

"லெட்டர்ல ஏதாச்சும் எழுதினானா அக்கா?" என்று கேட்ட குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"எனக்கு லெட்டரே வந்து சேரலையே. மாமான்னு எழுதிட்டானாம். அது அந்தக் குட்டிப் ப்ளேன் தம்பி! தோட்டத்துல எல்லாரும் அதத்தான் மாமாங்கறாங்க. காலையில பேர் கூப்புடுற பெரட்டு நேரத்துக்கு வந்து, யாரு வேலைக்கு வந்தா, யாரு வரலன்னு பாக்குற மாதிரி சாஞ்சு பாத்துட்டுப் போகுமாம். பொண்ணு பாக்க வந்த தாய்மாமன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒரு வார்த்த பேசாமப் போறாரேன்னு யாரோ சொல்லப் போயி, அதுவே பேராயிருச்சு. உள்ள இருக்குற பட்டாளத்துக்காரங்களுக்கு மூட்டை போட்டுட்டுப் போகும். இத அவன் சொன்னா, எவனாச்சும் ப்ளேனுக்கு வாங்க போங்க போடுவானான்னு சிரிக்கிறாங்களாம். தமிழ் படிச்ச ஆளே எழுதிக் குடுத்திருக்கானாம், அது மனுஷன்தான்னு."

அந்தத் தமிழ் படித்த ஆள் அவர் எதிரே கைகழுவாமல் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடம்பில் கொப்புளம் கண்டால் 'அம்மா வந்திருக்கா' என்று கையெடுத்துக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவன் நான். எதற்குப் பயப்படுகிறோமோ அதை உறவுமுறை வைத்து, மரியாதை கொடுத்துக் கூப்பிடுவது நம் வழக்கம். தலைக்கு மேலே தினமும் வட்டம் போடுகிற ஒன்றை, நினைத்தால் குண்டு போடுகிறவனைக் கூட்டிக்கொண்டு வரக்கூடிய ஒன்றை, தோட்டத்து ஜனங்கள் மாமா வருகிறார் என்று சொன்னதில் என்ன அதிசயம்? டவுனில் பயம் விட்டுப்போனதால் எங்களுக்கு அது வெட்டுக்கிளி ஆகிவிட்டது. லத்தீனில் தென்றல் என்று தெரிந்தவனுக்குத் தன் ஜனங்கள் வைத்த பெயர் தெரியவில்லை. வெட்கக்கேடு.

மறுநாள் காலை அதிகாரி முன்னால் போய் நின்றேன். கடிதம் யாருடையது என்று தெரிந்ததாகச் சொல்ல முடியாது, வேலை ரகசியம். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் இருக்கலாம், ஒரு விமானத்தைக் குறிப்பதாக இருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எழுந்துபோய்ச் சுவர்த்தாளின் முன் நின்று, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். எங்களிடம் பறக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, இதில் மாமா எங்கே என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே தேடினார். பிறகு, உன் குறிப்பு தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாயா, அதை வைத்து உன்னைப் பற்றியும் விசாரிக்க வேண்டிவரும் என்றார்.

யாரிடமிருந்து தெரிந்தது என்று கேட்பார்கள். அக்கா வீட்டில் சாப்பிடுகிறேன் என்பது வெளியே வரும். அப்புறம் எனக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். நான் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: 'இச்சொல் சில இடங்களில் பட்டப்பெயராகவும் வழங்கக்கூடும்.' தவறு என்ற வார்த்தை அதில் இல்லை. விமானம் என்ற வார்த்தையும் இல்லை. டைப் அடித்து முடித்த ஃபிரான்சிஸ், இது போதுமா என்று மலாயில் மெதுவாகக் கேட்டான். போதும் என்றேன். கோழை என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

அந்த வரியை யாராவது படித்தார்களா என்பதே தெரியாது. கோவிந்தனிடம், தடுப்பு முகாமா இந்தியாவா என்று கேட்டார்களாம். முகாமுக்குப் போனால் எத்தனை வருஷமோ என்று பயந்து இந்தியா என்றுவிட்டான். அவன் பிறந்தது தோட்டத்து லயத்தில். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருந்தான். அவன் பெயரில் கப்பல் டிக்கெட் எழுதியான மாதத்தில்தான் எங்கள் மலாக்கா மைதானத்தில் மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, தேதி சொன்னார்கள். ஊரே அங்கே திரண்டு கத்திய சத்தம் காஜா பேராங்வரை கேட்டது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்.

கிள்ளான் துறைமுகத்துக்கு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கோவிந்தனை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அக்காவின் அதே மூக்கு. இடது காதில் சரியாகக் கேட்கவில்லை என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவப் பாத்துக்குங்கண்ணே" என்றான். பிறகு கேட்டான்: "பட்டப்பேரு வச்சிக் கூப்ட்டது அவ்ளோ பெரிய தப்பாண்ணே?"

அவன் கேட்டது சரியாக விழாததுபோல நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. நான் அந்த ஆபீஸை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கோவிந்தனுக்குக் கடிதம் எழுதுவதும் வருவதைப் படித்துக் காட்டுவதும் என் வேலையாயிற்று. அவன் எழுதியிருந்தான்: 'இங்கே என்னை எல்லோரும் மலாயாக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை. காது முழுக்கப் போய்விட்டது.' அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அக்காவுக்குப் படிக்கவில்லை. அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு கடிதம் நின்றுபோனது. எழுதினால் திரும்பி வந்தது.

அக்கா வயதாகிப் புக்கிட் பாருவில் ஒரு தூரத்து உறவோடு இருந்தபோது, மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒருநாள் சாயங்காலம், எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் தம்பி, அந்த லெட்டரப் படிச்சு எழுதிக் குடுத்தவன், அவனும் நம்ம ஆளாத்தான இருந்திருப்பான்?"

"ஆமாக்கா."

"அவன் வீட்லயும் அக்கா தங்கச்சி இருந்திருக்கும். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "காப்பி ஆறுதுக்கா" என்று சொன்னேன். அடுத்த மாதம் போனபோது அக்கா இல்லை.

ஆஸ்டர்களும் பிள்ளைத்தாச்சிகளும் எப்போதோ போய்விட்டன. சுதந்திர நாட்டின் முதல் விமானத்துக்கு மலாயில் கழுகின் பெயரை வைத்தார்கள். அதற்குக் காஜா பேராங் பட்டப்பெயர் எதுவும் வைத்ததாக நினைவில்லை, அதற்குள் யாரும் அண்ணாந்து பார்ப்பதை விட்டிருந்தார்கள். ஃபிரான்சிஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே அடங்கிவிட்டான். கோவிந்தன் இருந்த தோட்டம் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி, செம்பனையும் போய் வீடமைப்பாகிவிட்டது, தெருக்களுக்குப் பூக்களின் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அந்தத் தோட்டத்துப் பழைய ஆள்கள் நாலைந்து பேரைப் பார்த்தேன். காலையில் ஒரு சின்ன விமானம் வருமே, அதை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ப்ளேன் என்றுதான் என்றார்கள். ஒருவர், அப்படி எதுவும் வந்ததாகவே ஞாபகம் இல்லை என்றார். அந்தப் பெயரை எழுத்தில் வைத்தவன் கோவிந்தன் ஒருவன்தான். அந்தக் காகிதம் எந்த நெருப்பில் போயிற்றோ. அந்தச் சொல்லை அறிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தெரியாமல் எழுதிக் கொடுத்த நான் மட்டும் இருக்கிறேன்.